ஓடும்போது ஸ்மார்ட்வாட்ச் காட்டும் ஆக்சிஜன் அளவை நம்பலாமா?

உடற்பயிற்சியின் நடுவே ஸ்மார்ட்வாட்சில் ஆக்சிஜன் 88 என்று தெரிந்தால் பதறிப்போகிறோம். 98 என்று தெரிந்தால் நிம்மதி அடைகிறோம். இரண்டுமே பிழையான முடிவுக்கு இட்டுச் செல்லலாம்.

ஒளியால் போடும் கணக்கு

ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் அகச்சிவப்பு ஒளியை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை அதிகம் உறிஞ்சும். நாடி துடிக்கும்போது இவ்விரு ஒளிகளும் எந்த விகிதத்தில் மாறுகின்றன என்பதை வைத்துத் தமனி இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவைக் கணிக்கலாம் என்று ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1970-களில் காட்டினார். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் ஒளி விரலை ஊடுருவி மறுபக்கம் வருகிறது. மணிக்கட்டில் அதற்கு வழியில்லை. தோலுக்குள் சென்று சிதறித் திரும்பும் ஒளியைத்தான் வாட்ச் படிக்கிறது. கிடைக்கும் சமிக்ஞையும் அதனால் பலவீனமாக இருக்கிறது.

அசையும் கையில் தடுமாறும் எண்

நாடித்துடிப்பால் வரும் ஒளி மாற்றம் மிகச் சிறியது. ஓடும்போது கை வீச்சு அதை எளிதில் மூழ்கடித்துவிடும். சிரை இரத்தமும் சேர்ந்து அலைவதால் கருவி அதைத் தமனி இரத்தம் என்று எண்ணக்கூடும். அசைவால் இரு ஒளிகளும் ஒரே அளவில் கலங்கினால், கணக்கு 85 விழுக்காட்டை ஒட்டி வந்து நிற்கும். நுரையீரலில் எந்தக் கோளாறும் இல்லாதவருக்கும் அபாய எண் தோன்றுவது இப்படித்தான். தளர்ந்த பட்டை, குளிர்ந்த தோல், பச்சை குத்திய இடம் ஆகியவையும் அளவைக் குழப்பும். கருந்தோல் உடையவர்களிடம் ஆக்ஸிமீட்டர்கள் உண்மையைவிட உயர்த்திக் காட்டக்கூடும் என்பது 2020-இல் அமெரிக்க மருத்துவமனைத் தரவுகளைக் கொண்டு வெளியான ஆய்வில் தெரியவந்தது.

எண் சரியாக இருந்தாலும்

கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில் வாழும் நலமான பெரும்பாலோருக்குக் கடும் பயிற்சியிலும் செறிவு 95-ஐ ஒட்டியே நிற்கும். மூச்சு வாங்குவதாலேயே ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று பொருளில்லை. செறிவு இயல்பாக இருப்பதாலேயே உடல் நலமாக இருக்கிறது என்றும் பொருளில்லை. இரத்தசோகை உள்ளவரின் குறைந்த ஹீமோகுளோபின் முழுவதும் ஆக்சிஜன் ஏறியிருந்தால் வாட்ச் 98 காட்டும். தசைகளுக்குப் போய்ச்சேரும் ஆக்சிஜனோ குறைவு. இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்வதால், இதை நாம் அலட்சியப்படுத்த முடியாது. மாரடைப்பின் தொடக்கத்திலும் செறிவு இயல்பாகவே இருக்கலாம்.

கொரோனா காலத்தில் ஆக்சிஜன் அளவீடு உதவியதே?

உதவியது, உண்மைதான். ஆனால் அப்போது வீடுகளில் பயன்பட்டது பெரும்பாலும் விரலில் மாட்டும் கருவி. நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு நடக்கும்போது ஆக்சிஜன் உண்மையிலேயே இறங்கலாம். அவர்களுக்கு அளவீடு அவசியம். அதனால்தான் அதை மருத்துவர் சொல்லும் முறையில், நம்பகமான கருவியால் செய்ய வேண்டும்.

என்ன செய்யலாம்?

வாட்ச் குறைவாகக் காட்டினால் நின்று, உட்கார்ந்து, மணிக்கட்டை மேசைமேல் வைத்துச் சில நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். விரல் ஆக்ஸிமீட்டர் இருந்தால் ஒப்பிடுங்கள். ஓய்விலும் தொடர்ந்து குறைவாக இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். பயிற்சியின் கடுமையை அறியப் பேச்சே நல்ல அளவுகோல்: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். நெஞ்சுவலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல் வந்தால், வாட்ச் எந்த எண்ணைக் காட்டினாலும் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவ உதவி நாடுங்கள்.