108: சராசரிக்குள் மறையும் புளியந்தோப்பு

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அழைப்பு வந்தது முதல் வண்டி வந்து நிற்பது வரையிலான நேரத்தைக் கொண்டே அச்சேவை மதிப்பிடப்படுகிறது. மாநகரத்துக்கென்று ஒரு சராசரி சொல்லப்படுகிறது. அந்த எண்ணைப் பொய் என்று நாம் சொல்லவரவில்லை. அதற்குள் புளியந்தோப்பு எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறோம்.

ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராஜீவ் காந்தி பொது மருத்துவமனை மூன்றும் இங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் உள்ளன. வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் மழை வலுத்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். வண்டி சுற்றித்தான் வரவேண்டும். கே.பி. பூங்கா போன்ற வாரிய அடுக்குமாடிகளில் லிப்ட் நின்றுபோன நாளில், மேல்தளத்தில் மயங்கிக் கிடப்பவரைப் படிக்கட்டு வழியாகச் சுமந்து இறக்க வேண்டும். வண்டி வாசலுக்கு வந்ததுமே கடிகாரம் நின்றுவிடுவதால், படிக்கட்டில் கழியும் நிமிடங்கள் அந்தச் சராசரியில் சேர்வதில்லை.

சுமப்பவர் யார்? வண்டியில் இருப்போர் இருவர்: 'பைலட்' எனப்படும் ஓட்டுநரும் அவசர மருத்துவ உதவியாளரும். அரசு நிதியில் இயங்கும் சேவை என்றாலும் இவர்கள் அரசு ஊழியர் அல்லர். சேவையை நடத்தும் இ.எம்.ஆர்.ஐ. நிறுவனத்தின் பணியாளர்கள். 12 மணி நேரப் பணி குறித்து நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். புரட்சியாளர் அம்பேத்கர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது கொண்டுவந்த மசோதாவே 1946இல் ஆலைத் தொழிலாளரின் வேலை நேரத்தை வாரத்துக்கு 48 மணியாகக் குறைத்தது என்பதை இங்கே நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை.

கணக்கு எளியது. 12 மணி நேர முறையில் ஒரு வண்டி நாள் முழுதும் ஓட நால்வர் தேவை. 8 மணி நேரமென்றால் அறுவர். விடுப்புக்கு மாற்றாள் தனி. லட்சம் பேருக்கு ஓர் அடிப்படை உயிர்காப்பு ஊர்தி, ஐந்து லட்சம் பேருக்கு ஓர் உயர்நிலை ஊர்தி என்கிறது தேசிய சுகாதார இயக்கத்தின் அளவுகோல். அது எண்ணுவது வண்டிகளை. ஆளில்லாமல் நிற்கும் வண்டியும் பட்டியலில் வண்டியாகவே இருக்கும்.

இது அரசின் கருணை சார்ந்த விவகாரமன்று. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த விவசாயத் தொழிலாளி ஹக்கீம் ஷேக்கை, படுக்கை இல்லையென்று அரசு மருத்துவமனைகள் அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பின. அவ்வழக்கில் 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உரிய நேரத்தில் சிகிச்சை மறுப்பது அரசமைப்பின் 21ஆம் பிரிவை மீறுவதாகும் என்றது. நிதி இல்லை என்ற சாக்கை ஏற்கவில்லை. ஆம்புலன்ஸ் ஏற்பாடும், எங்கே படுக்கை உள்ளதென அறியும் மையத் தகவல் தொடர்பும் வேண்டும் என்றும் சொன்னது.

ஆகவே கேட்க வேண்டியவை இவை: புளியந்தோப்புக்கு அருகில் எத்தனை வண்டிகள், எந்த இடத்தில் நிறுத்தப்படுகின்றன? கடந்த ஆண்டில் ஆளின்றி அவை நின்ற நாட்கள் எத்தனை? அழைப்பிலிருந்து மருத்துவமனையில் ஒப்படைக்கும் வரை ஆன நேரம், வட்டம்வாரியாக எவ்வளவு? மக்கள் நல்வாழ்வுத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 'அது தனியார் நிறுவனத்தின் தகவல்' என்று பதில் வந்தால், தகவல் உரிமைச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவைக் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள். சட்டப்படி அரசு பெறக்கூடிய தனியார் அமைப்பின் தகவலும் அச்சட்டத்துக்குள் வரும்.