டைனமோவை மாற்றினால் போதாது, வயரையும் மாற்றுங்கள்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறும் பழைய வண்டிகளை இரவில் கவனித்தால் ஒன்று தெரியும். கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்ததும் ஹெட்லைட் மஞ்சளாகி மங்கும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் மீண்டும் வெளுக்கும். டைனமோ வைத்த வண்டியின் குணம் அது. வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றிப்போகும் பழைய ஜீப்பானாலும், ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் ஓட்டிப்பார்க்கக் கொண்டுவரும் அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் காரானாலும் நோய் ஒன்றுதான். மருந்தும் ஒன்றுதான்: டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் வைப்பது. செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் பாதியில் நிறுத்தினால் அதுவே வண்டியைக் கொளுத்திவிடும்.

சென்னை பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை 1962இல் உருவாக்கினார்கள். இந்தத் தலைமுறைக் கார்களில் இருந்த லூகாஸ் சி-40 டைனமோ, இன்ஜின் நன்றாகச் சுற்றும்போது தருவதே 22 ஆம்பியர்தான். ஐட்லிங்கில் அது எதுவும் தராது. முழுச் சுமையும் பேட்டரி மேல் விழும். இரண்டு 60 வாட் பல்பு பிரைட்டில் எரிந்தால் 10 ஆம்பியர் போய்விடும். அவற்றைக் கழற்றி 100 வாட் பல்பு போட்டால் ஹெட்லைட் மட்டுமே 17 ஆம்பியரைத் தின்னும். இக்னிஷன், வைப்பர், ஹார்ன் எல்லாம் அதற்கு மேல். மழை இரவில் மலை இறங்கும்போது பேட்டரி கரைந்துகொண்டே வரும். காலையில் செல்ஃப் எடுக்காது.

ஆல்டர்னேட்டர் இந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. ஐட்லிங்கிலும் விளக்குக்குப் போதுமான மின்சாரம் தரும். சென்னை புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் பழசிலிருந்து கடையில் கிடைக்கும் புதுசு வரை 45, 65 ஆம்பியர் என்று எளிதாக வாங்கலாம். பிராக்கெட் அடித்து, பெல்ட் மாட்டி, பழைய வயரையே அதில் இணைத்து, மதியத்துக்குள் வண்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஆல்டர்னேட்டர் தானாக மின்சாரத்தைத் திணிப்பதில்லை, கேட்பதைக் கொடுக்கும். காலியான பேட்டரி 40, 50 ஆம்பியர் கேட்டாலும் கொடுக்கும். டைனமோவின் 22 ஆம்பியருக்காகப் போட்ட வயர், நாற்பது ஐம்பது ஆண்டு வெயிலிலும் எண்ணெயிலும் உறை வெடித்த நிலையில், அதைத் தாங்காது. டேஷ்போர்டில் இருக்கும் 30 ஆம்பியர் மீட்டர் வழியாகத்தான் பல வண்டிகளில் சார்ஜ் முழுவதும் போகிறது. அந்த மீட்டர் முதலில் சூடாகும், பிறகு உருகும், அதன் பின்னால் இருக்கும் வயர் கட்டு மொத்தமும் பற்றும். அக்காலக் கார்கள் பலவற்றில் ஹெட்லைட் இணைப்புக்கு ஃபியூஸே கிடையாது. பெட்ரோல் குழாய் அடுத்த முழத்தில் ஓடும்.

ஆகவே ஆல்டர்னேட்டருடன் சேர்த்தே செய்து முடிக்க வேண்டியவை உண்டு. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராகத் தடித்த புது வயர் போக வேண்டும். 65 ஆம்பியருக்கு 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயராவது வேண்டும், 16 இருந்தால் நிம்மதி. அந்த வயரில் பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் நடுவில் உள்ள துண்டு வயருக்குக் காவலே இல்லை. ஆம்பியர் மீட்டரை எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர் வைக்கலாம். ஹெட்லைட்டுக்கு ரிலே கட்டாயம். இல்லையென்றால் டிம்-பிரைட் சுவிட்ச் கருகும். இன்ஜினுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையை யாரும் பார்ப்பதில்லை. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வரும் வழி அது. துருவைச் சுரண்டி, புதுப் பட்டை போடச் சொல்லுங்கள்.

இன்னொரு கண்ணி: 1960களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். இன்றைய ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் எர்த் வேண்டும். மாற்றாமல் இணைத்தால் உள்ளே இருக்கும் டயோடுகள் ஒரு நொடியில் போய்விடும். சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிக் காட்டும் பழக்கமும் டைனமோ காலத்தோடு போக வேண்டியது. அந்த நொடியில் எழும் அதிக வோல்டேஜ் ஆல்டர்னேட்டரையே கொன்றுவிடும்.

வேலை முடிந்ததும் மல்டிமீட்டர் கேளுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, எல்லா விளக்கையும் போட்டு, பேட்டரியில் அளந்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, பேட்டரி கொதிக்கும். அதே நேரத்தில் ஹெட்லைட் இணைப்பில் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ ஒரு ஜாயின்ட் சூடாகிக்கொண்டிருக்கிறது. ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 விழுக்காடு குறையும். வயரைச் சரிசெய்தாலே பழைய பல்பு போதிய வெளிச்சம் தரும் என்பதைப் பலர் நம்புவதில்லை. 100 வாட்டைத் தேடிப் போகிறார்கள்.

அங்கே சட்டம் குறுக்கே வரும். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத பாகங்களைப் பொருத்தி மாற்றும் உரிமையாளருக்கு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. ஆல்டர்னேட்டருக்கு ஆர்.சி.யில் இடமில்லை, அதை மாற்றியதற்காகப் பயப்பட வேண்டாம். விளக்கு அப்படியல்ல. ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதி இல்லாமல் முன்பக்கம் ஸ்பாட் லைட் பொருத்த மத்திய மோட்டார் வாகன விதி 111 தடை சொல்கிறது. விதி 106இன்படி டிம் வெளிச்சம் 8 மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது. மலை வளைவில் எதிரே பைக்கில் வருபவருக்கு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அவர் கண்ணைக் குருடாக்கிவிட்டு நமக்கு வழி தெரிந்தால் போதும் என்பதை என்னால் ஏற்க முடியாது.

50 ஆண்டு கடந்த காரை 2021இல் வந்த விதிகளின்படி விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்ய நினைப்பவர்கள், கழற்றிய டைனமோவையும் ரெகுலேட்டரையும் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துவது நல்லது. அந்தப் பதிவுள்ள காரை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

வேலை சரியில்லை என்றால்? முதல் ஆயுதம் பில். பொருள் என்ன, எத்தனை ஆம்பியர், புதிதா பழசா, எந்த வயர், கூலி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். பில் கொடுக்காமலிருப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். குறையான வேலையால் வண்டி எரிந்தாலோ ஆளுக்குக் காயம் பட்டாலோ, வேலை செய்தவரையும் பொருள் விற்றவரையும் பொறுப்பாக்க அதே சட்டத்தில் இடமுண்டு. கருகிய வயரையும் பழைய பாகத்தையும் கடையில் விட்டுவராதீர்கள், அவைதான் சாட்சி. படம் எடுத்து, வேறொரு எலக்ட்ரீசியனிடம் காரணத்தை எழுத்தில் வாங்கி, நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழையுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். கல்வராயன் மலையின் மலையாளி மக்கள் பழங்குடியினர் என்பதால், வருமானம் எதுவானாலும் இலவச சட்ட உதவி அவர்கள் உரிமை. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இந்த உரிமையை அறிந்தவர்கள் மலையில் குறைவு, தெரிந்தவர்கள் சொல்லித்தாருங்கள்.

இன்சூரன்ஸ் விஷயம் சுருக்கம். பழைய வண்டிக்குப் பலரும் மூன்றாம் நபர் பாலிசி மட்டுமே எடுக்கிறார்கள். அதில் உங்கள் வண்டி எரிந்தால் ஒரு ரூபாயும் வராது. முழுப் பாலிசியில் தீ விபத்துக்கு இழப்பீடு உண்டு. ஆனால் கூடுதலாகப் பொருத்திய மின் சாதனங்களைத் தெரிவித்து, அவற்றின் மதிப்புக்குத் தனி பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். நிறுவனம் மறுத்தால் ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். மஞ்சள் போர்டு இல்லாத ஜீப்பில் காசு கொடுத்து ஏறுபவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: அந்த வண்டிக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால், உள்ளே இருக்கும் உங்களுக்கு இழப்பீடு கிடைப்பது கடினம்.

மலையின் பல இடங்களில் செல்போன் சிக்னல் இல்லை. தீயணைப்பு வண்டி கீழிருந்து ஏறி வர வேண்டும். ரப்பர் கருகும் வாசனை வந்ததும் ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, எல்லோரையும் இறக்குங்கள். பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் இருந்தால் திருப்புங்கள். பானெட்டை அகலத் திறந்தால் காற்று புகுந்து தீ எழும். கொஞ்சமாகத் தூக்கி, உலர்பொடி அணைப்பானை உள்ளே அடியுங்கள். எரிபொருளில் தீ பிடித்திருந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தள்ளி நின்று 112ஐ அழையுங்கள்.

அடுத்த முறை மலை ஏறுமுன் பானெட்டைத் திறந்து, பேட்டரியிலிருந்து புறப்படும் தடித்த வயர்களைக் கையால் தடவிப் பாருங்கள். செல்ஃப் மோட்டாருக்கும் எர்த்துக்கும் போகும் வயர்களைத் தவிர மற்றதில் ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இல்லையென்றால், அதைப் போட்டு முடிக்கும்வரை அந்த வண்டியில் யாரையும் ஏற்றாதீர்கள்.