மின்சார வண்டிக்கு ஒரு பங்க்

புனேயில் தகரத் தடுப்புக்குள் யாராவது பள்ளம் தோண்டினால், மெட்ரோ வேலை என்று நினைத்துக் கடந்து விடுகிறோம். சில இடங்களில் அது மின்சார வாகனங்களுக்கான சார்ஜிங் நிலையமாகவும் இருக்கலாம். "அங்கே என்ன கட்டுகிறார்கள்?" என்று குழந்தைகள் கேட்டால் பதில் சொல்ல நமக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? அந்தப் பதிலில் நம் வீட்டுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

கட்டி முடித்தபின் கண்ணுக்குத் தெரிவது பீரோ அளவில் ஒரு பெட்டியும், அதில் தொங்கும் தடித்த கேபிளும்தான். முக்கால்வாசி வேலை தரைக்கு அடியில் நடந்து முடிந்திருக்கும்.

முதலில் மின்சாரக் கணக்கைப் பார்ப்போம். சிறிய கார் ஒன்றின் பேட்டரி 30 யூனிட் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 3 யூனிட் ஏறும். நிரம்பப் பத்து மணி நேரம் பிடிக்கும். 60 கிலோவாட் சார்ஜரில் அரை மணியில் பெரும்பகுதி ஏறிவிடும். இத்தகைய சார்ஜர் இரண்டு ஒரே நேரத்தில் இயங்கினால் 120 கிலோவாட் வேண்டும். ஒரு வீட்டுக்கு 4 கிலோவாட் என்று வைத்தால், இது முப்பது வீடுகளின் சுமை! அதனால்தான் தனி டிரான்ஸ்ஃபார்மர் வைக்கிறார்கள். 11,000 அல்லது 22,000 வோல்ட்டில் வரும் மின்சாரத்தை அது 415 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது.

அடுத்தது கேபிள் பள்ளம். அடியில் மணல் பரப்பி, கேபிளைக் கிடத்தி, மேலும் மணல் போட்டு, செங்கல் அடுக்கி, எச்சரிக்கை நாடா விரித்து மூடுகிறார்கள். பிற்காலத்தில் யாராவது தோண்டினால் கடப்பாரை முதலில் செங்கல்லில்தான் படும். பக்கத்திலேயே எர்த் குழிகள். மின்கசிவு ஏற்பட்டால் அது மனிதர் உடல் வழியாகப் போகாமல் மண்ணுக்குள் இறங்குவதற்கான வழி இதுவே.

பெட்டியை உயரமான சிமென்ட் மேடையில் நிறுத்துவதற்கும் காரணம் உண்டு. 2024 ஜூலையில் பெருமழையோடு கடக்வாஸ்லா அணை நீரும் சேர்ந்து, சிங்ஹகட் சாலை ஏக்தா நகரியில் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை.

கம்பியில் வருவது ஏ.சி. மின்சாரம், பேட்டரி ஏற்பதோ டி.சி. மட்டுமே. வீட்டில் சார்ஜ் செய்தால் காருக்குள் இருக்கும் சிறிய கருவி அதை மாற்றுகிறது. விரைவு நிலையத்தில் அந்தப் பெரிய பெட்டியே மாற்றிக் கொடுத்துவிடுகிறது. வேகத்தின் ரகசியம் இதுதான். எண்பது சதவிகிதத்துக்குமேல் பேட்டரியின் நலனுக்காக வேகம் குறையும். அவசரக்காரர்கள் அத்துடன் கிளம்புவது நல்லது.

நம் நகரப் பேருந்து நிறுவனமான பி.எம்.பி.எம்.எல். 2019 பிப்ரவரியில் மின்சாரப் பேருந்துகளைத் தொடங்கியது. பேக்ராய் நகர் டெப்போவில் அவற்றுக்கு சார்ஜர்கள் அமைந்தன. அதன்பின் ஸ்கூட்டரும் காரும் நம் சொசைட்டிகளுக்குள்ளேயே வந்துவிட்டன.

இங்கேதான் கவனம் தேவை. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சடைத்துத் தந்தையும் மகளும் இறந்தனர். அதே மாதம் நம் லோஹ்காவில் சாலையோரம் நின்ற ஸ்கூட்டர் ஒன்றும் எரிந்தது.

நிலையத்தில் இத்தனை பள்ளமும் எர்த்தும் தேவைப்படும்போது, மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டு சார்ஜ் செய்வது சரியாகுமா? உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்து, எர்த்தும் கசிவு பிரேக்கரும் போடுங்கள். வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். ஓடிவந்த சூடு தணிந்தபின் சார்ஜ் செய்யுங்கள். வாசற்படியிலும் மாடிப்படிக்கு அடியிலும் வேண்டவே வேண்டாம். தீ பிடித்தால் வெளியேறும் வழியே அடைபடும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத் தனி லைன் கடினம் என்பது உண்மையே. அடுத்த சொசைட்டிக் கூட்டத்தில் பார்க்கிங்கில் பொது சார்ஜிங் வசதி வேண்டும் என்று எழுந்து கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்; மராத்தி அண்டை வீட்டாருக்கும் அதே கவலைதான்.