பால் சேர்க்காத பழ ஸ்மூத்தி: வீட்டு மிக்ஸியிலேயே கெட்டியா வருமா? யாரெல்லாம் கவனமா இருக்கணும்?

மில்க்‌ஷேக் குடித்த கொஞ்ச நேரத்திலேயே வயிறு உப்புசம், கடமுடா சத்தம், சிலருக்கு வயிற்றுப்போக்கு. 'எனக்கு பால் ஒத்துக்காது' என்று பலர் சொல்வது இதைத்தான். அதற்காக, வெயிலுக்கு ஜில்லுனு ஒரு பழ ஸ்மூத்தி குடிக்கும் ஆசையை விட வேண்டியதில்லை. பால், தயிர், ஐஸ்கிரீம் எதுவுமே இல்லாமல் வீட்டில் செய்யலாம். ஆனால், பாலை எதற்காக விடுகிறோம் என்பது தெரிந்தால்தான், பதிலுக்கு என்ன சேர்ப்பது என்பது புரியும்.

பால் ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி தேவை. குழந்தையாக இருக்கும்போது நன்றாகச் சுரக்கும் இந்த நொதி, வளர வளர பலருக்குக் குறைந்துவிடும். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனதும், அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதை வாயுவாக மாற்றுகின்றன. உப்புசம் வருவது இப்படித்தான். உலகில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு லாக்டோஸைச் செரிக்கும் திறன் வயதாக ஆகக் குறைகிறது. அதனால் இது ஏதோ அரிய நோய் என்று பயப்பட வேண்டாம்.

பால் அலர்ஜியும் இதுவும் ஒன்றா?

இல்லை. இங்கேதான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அலர்ஜிக்குக் காரணம் பாலில் உள்ள சர்க்கரை அல்ல, கேசின், வே போன்ற புரதங்கள். தோலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வரை போகலாம். லாக்டோஸ் பிரச்னை மட்டும் இருப்பவர்களில் பலருக்குக் கொஞ்சம் தயிர், மோர் ஒத்துக்கொள்ளும். அலர்ஜி இருப்பவர்களுக்கு அதுவும் கூடாது. 'லாக்டோஸ் இல்லாத பால்' என்று விற்பதிலும் புரதம் அப்படியே இருக்கும் என்பதால், அதையும் தொடக்கூடாது.

பாலுக்குப் பதில் என்ன?

* தேங்காய்ப்பால்: அரை மூடி தேங்காயைத் துருவி, ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அரைத்து வடிகட்டினால் ரெடி. முதல் பாலில் கொழுப்பு அதிகம். தண்ணீர் கலந்தோ, இரண்டாம் பாலையோ பயன்படுத்தலாம்.

* வேர்க்கடலைப் பால்: கால் கப் பச்சை வேர்க்கடலையை இரவே ஊறவைத்து, தோல் நீக்கி, ஒன்றரை கப் தண்ணீரில் அரைத்து வடிகட்டவும். 5 நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் பச்சை வாசனை போய்விடும். தேங்காய்ப்பாலைவிட இதில் புரதம் அதிகம்.

* இளநீர்: லேசான ஸ்மூத்தி பிடிப்பவர்களுக்கு. வழுக்கையையும் சேர்த்து அரைத்தால் கெட்டியாகும்.

எப்படிச் செய்வது? (2 டம்ளர்)

நன்கு பழுத்த வாழைப்பழம் 1, மாம்பழத் துண்டுகள் அரை கப், தேங்காய்ப்பால் முக்கால் கப், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 2, ஏலக்காய்த்தூள் ஒரு சிட்டிகை.

வாழைப்பழத்தை வட்டமாக நறுக்கி, முந்தைய நாளே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஸ்மூத்தி கெட்டியாக வருவதன் ரகசியமே இதுதான். உறைந்த வாழைப்பழத்தை அரைத்தால் ஐஸ்கிரீம் மாதிரி வழவழப்பாகிவிடும். ஐஸ் கட்டி போட்டால் கரைந்து தண்ணீராகிவிடும், சுவையும் குறையும்.

மிக்ஸி ஜாரில் முதலில் தேங்காய்ப்பால், பேரீச்சம்பழம் போட்டு அரைக்கவும். பிறகு மாம்பழம், கடைசியாக வாழைப்பழம். ஃப்ரீசரில் இருந்து எடுத்ததும் போடாமல் 5 நிமிடம் வெளியே வையுங்கள். கல்லு மாதிரி இருக்கும்போது போட்டால் மிக்ஸி மோட்டார் திணறும். விட்டு விட்டு அரைத்தால் போதும்.

மாம்பழ சீசன் இல்லையென்றால் சப்போட்டா, பப்பாளி, அன்னாசி எது வேண்டுமானாலும் போடலாம். பப்பாளி, அன்னாசியில் இருக்கும் நொதிகள் பால் புரதத்தை உடைப்பதால், பாலோடு சேர்த்து வைத்தால் கசந்துவிடும். பால் இல்லாத ஸ்மூத்தியில் அந்தத் தொல்லை பெரிதாக இருக்காது.

கால்சியம் கிடைக்காதே, என்ன செய்வது?

நியாயமான கேள்வி. 200 மி.லி. பசும்பாலில் சுமார் 240 மி.கி. கால்சியம் இருக்கிறது. வீட்டில் எடுக்கும் தேங்காய்ப்பாலில் அது மிகக் குறைவு. அதனால் பாலை முழுதாக விட்டவர்கள் ஸ்மூத்தியில் ஒரு ஸ்பூன் வறுத்த எள், அல்லது இரண்டு ஸ்பூன் கேழ்வரகு மாவில் காய்ச்சி ஆறவைத்த கஞ்சி சேர்க்கலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மி.கி.க்கு மேல் கால்சியம் உண்டு. இருந்தாலும் ஒரு டம்ளர் ஸ்மூத்தி மட்டும் பாலுக்கு ஈடாகாது. கீரை, முருங்கை இலை, முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன் என மற்ற சாப்பாட்டிலும் கால்சியத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடையில் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

'நான் டெய்ரி' என்று போட்டிருக்கும் சில கிரீமர் பவுடர்களில்கூட சோடியம் கேசினேட் இருக்கும். அது பால் புரதம்தான். வே, மில்க் சாலிட்ஸ் என்ற வார்த்தைகளையும் லேபிளில் தேடுங்கள். பல புரோட்டீன் பவுடர்கள் வே புரதத்தில் செய்யப்பட்டவை. சில பாதாம் பானங்களில் சர்க்கரையும் சேர்த்திருப்பார்கள்.

யாரெல்லாம் கவனமா இருக்கணும்?

* சர்க்கரை நோயாளிகள்: பழம் அரைபட்டால் சர்க்கரை வேகமாக ஏறலாம். பேரீச்சம்பழம், தேன் வேண்டாம். அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

* சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள்: வாழைப்பழம், இளநீர் இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடிக்கவும்.

* வேர்க்கடலை, பாதாம் அலர்ஜி இருப்பவர்கள்: அந்தப் பால்கள் பக்கமே போக வேண்டாம்.

* ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள்: தாய்ப்பால் அல்லது டாக்டர் சொன்ன பால் பவுடருக்குப் பதிலாக இவற்றைத் தரவே கூடாது.

வீட்டில் பால் அலர்ஜி உள்ளவர் இருந்தால், மில்க்‌ஷேக் அடித்த ஜாரை சோப்பு போட்டு நன்றாகக் கழுவிய பிறகே ஸ்மூத்தி அரைக்க வேண்டும். மூடியில் இருக்கும் ரப்பரைக் கழற்றிக் கழுவ மறக்க வேண்டாம். பால் குடித்ததும் மூச்சு வாங்குவது, முகம் வீங்குவது போல ஏதாவது நடந்தால், உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.