மூசைக்குள் போன 8 காசு! கொல்லிமலை டப்பாவில் மிச்சம் 35!

கொல்லிமலை (நமது நிருபர்)

காரவள்ளியில் இருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவு. எண்ணிக்கொண்டே வருகிற ஆசாமிகள்கூட நாற்பதைத் தாண்டினால் கண்ணை மூடிக்கொள்வார்கள். அப்படி ஏறிவந்து, செம்மேட்டில் இறங்கி, ஒரு மளிகைக் கடையின் பின்கட்டில் போய் உட்கார்ந்தோம். கடைக்காரர் முதலில் கதவைச் சாத்தினார். அப்புறம் ஜன்னலைச் சாத்தினார். அதற்கப்புறம்தான் மிளகு மூட்டைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு தகர டப்பாவை எடுத்தார்.

உள்ளே அத்தனையும் தங்கக் காசு!

"பேரு கீரு ஒண்ணும் போட்டுடாதீங்க தம்பி. பொண்ணு கல்யாணம் நெருங்குது. வம்பு வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். போடவில்லை. (டப்பா இப்போது பாங்க் லாக்கருக்குப் போய்விட்டது. கன்னக்கோல் பேர்வழிகள் வீணாக 70 வளைவு ஏறி மயக்கம் போட வேண்டாம்!)

காசு சேர்த்தது இவருடைய அப்பாரு. அப்பாரு என்றால் இந்தப் பக்கம் அப்பாவைப் பெற்றவர். மலையில் மிளகும் காபிக் கொட்டையும் வாங்கிக் கீழே மண்டிக்குப் போட்டவர். காகித நோட்டை நம்பாதவர். கையில் பணம் புரண்டால் பவுனாக மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தார். யாராவது பழைய காசைக் கொண்டுவந்து கொடுத்து அரிசி, உப்பு கேட்டாலும் வாங்கிக்கொள்வாராம். அப்படிச் சேர்ந்தது மொத்தம் 43.

இப்போது பேரனுக்குப் பயம். "ராத்திரி நாய் குரைச்சாலே தூக்கம் போயிடுதுங்க. பாதியையாவது குறைச்சிடலாம்னு பார்க்கறேன். தையில கல்யாணம். நகை போடணும். மிச்சத்தைப் பையனுக்கு வைக்கணும். எதைக் கொடுக்கறது, எதை வைக்கறதுன்னுதான் தெரியலை."

அது தெரியாமல்தான் ஏற்கெனவே ஒரு காரியம் நடந்துவிட்டது.

27 கிராம் 200!

போன வருஷம் அவசரமாகப் பணம் தேவைப்பட்டது. பவுனெல்லாம் பெரிய காசு, அதைத் தொட வேண்டாம் என்று, சின்னதாக, குண்டு குண்டாக இருந்த எட்டுக் காசை மட்டும் பொறுக்கி எடுத்துக் கீழே ஒரு நகைக் கடைக்குப் போனார். கடைக்காரர் உரைகல்லில் தேய்த்தார். "டச் கம்மி" என்று கழிவு போட்டார். அரை மணி நேரத்தில் எட்டும் மூசைக்குள் போய், ஒரே கட்டியாக வெளியே வந்தது. மூசை என்பது பத்தர்கள் தங்கம் உருக்குகிற மண் குப்பி. அதற்குள் ராஜா முகமும் ஒன்றுதான், சாமி முகமும் ஒன்றுதான்.

அந்த பில்லை டப்பாவிலேயே மடித்து வைத்திருக்கிறார். 8 உருப்படி, எடை 27.200.

எங்களோடு சேலத்தில் இருந்து ஒருவர் வந்திருந்தார். தபால் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். காசு சேகரிப்பதில் பித்து. பாக்கெட்டில் பூதக்கண்ணாடியும் குட்டித் தராசும் இல்லாமல் வீட்டை விட்டு இறங்க மாட்டார். பில்லைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"இருபத்தேழே காலை எட்டால வகுத்துப் பாருங்க. ஒண்ணு மூணு கிராம் நானூறு. அது வராகனுங்க! ஏங்க, அதுல என்ன படம் இருந்துச்சு?"

கடைக்காரர் யோசித்தார். "ஒண்ணுல மூணு சாமி நின்னாப்பல ஞாபகம். ரெண்டு மூணுல நட்சத்திரம். மத்தது நான் பார்க்கவே இல்லைங்களே..."

மூன்று சாமி என்றால் நடுவில் பெருமாள், இரண்டு பக்கமும் தாயார். நட்சத்திரம் என்றால் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்த நட்சத்திர வராகன். 42 பணம் ஒரு வராகன், ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று சென்னைப் பட்டணமே கணக்கு எழுதிய காலம் உண்டு. 1818-ல் கம்பெனி வராகனை ஒதுக்கிவிட்டு ரூபாயைக் கொண்டுவந்தது. அன்றைக்கே கஜானாவிலும் பட்டறையிலும் உருகியது ஏராளம்.

சரி, அவர் "பார்க்கவே இல்லை" என்ற மற்ற காசுகள்? விஜயநகரத்து வராகனாகவும் இருந்திருக்கலாம். கிருஷ்ணதேவராயர் காசில் பாலகிருஷ்ணன் உட்கார்ந்திருப்பான். அச்சுதராயர் காசில் இரட்டைத் தலைப் பறவை கண்டபேரண்டம், யானைகளைக் கவ்விக்கொண்டு பறக்கும். இதில் எது போனது? எடை மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. கட்டியிடம் போய்க் கேட்க முடியுமா?

கொக்கி வைத்ததா, வைக்காததா?

மிச்சம் இருந்த 35-ஐயும் வெள்ளைத் துணியில் பரப்பினோம். பவுன் 19. மொகரா ஒன்று. வராகன் 6. மிளகைத் தட்டி நசுக்கினாற்போன்ற பொடிப் பணம் 9. இந்தப் பணம் ஒன்று அரை கிராம்கூட வராது. கை வேர்த்தால் விரலில் ஒட்டிக்கொண்டு போய்விடும்!

நகைக் கடையில் இன்றைக்கும் "எத்தனை பவுன்?" என்றுதானே கேட்கிறோம்? அந்தப் பேச்சே இந்தக் காசில் இருந்து வந்ததுதான். இங்கிலாந்து சாவரின் காசின் எடை 7.988 கிராம். அதை முழுசாக்கி 8 கிராம் ஒரு பவுன் ஆயிற்று. சாவரின் என்ற சொல் நம்மூர் வாயில் சவரன் ஆயிற்று. ஒரு பக்கம் ராஜா அல்லது ராணி தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒருத்தன், காலடியில் பறவை நாகம்.

தபால்காரர் முதலில் விளிம்பைத்தான் பார்த்தார். ஏழு பவுனில் மேல் ஓரம் மட்டும் தடிப்பு. காசுமாலை கோர்ப்பதற்காக எந்தக் காலத்திலோ பத்தர் கொக்கி பற்ற வைத்து, பிற்பாடு எடுத்திருக்கிறார்.

"முதல்ல போக வேண்டியது இந்த ஏழுதாங்க. பொடி வச்ச காசைச் சேகரிக்கிறவன் தொடமாட்டான். தங்க விலைதான் கிடைக்கும். இதை உருக்கிக் கல்யாணத்துக்குச் சங்கிலி பண்ணுங்க. ஒரு பாவமும் இல்லை!"

கடைக்காரர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் ரத்தம் ஓடியது. ஏழு என்றால் கிட்டத்தட்ட ஏழு பவுன். கல்யாணச் செலவில் பாதிக் கவலை விட்டது.

மற்ற பன்னிரண்டில் இரண்டு பவுனை மட்டும் தனியாக வைத்தார். 1918-ம் வருஷத்துக் காசு. தேதிக்கு மேலே 'ஐ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து, எறும்புத் தலை அளவு. அப்படியென்றால் பம்பாயில் அடித்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்திய மண்ணில் சாவரின் அடித்தது அந்த ஒரே ஒரு வருஷம்தான். 12 லட்சத்து 95 ஆயிரத்துச் சொச்சம். எண்ணிக்கையைப் பார்த்தால் அபூர்வம் என்று குதிக்கிற அளவுக்கு இல்லை. ஆனாலும் மூசையில் போடுகிற சரக்கும் அல்ல.

மொகரா 1841 விக்டோரியா தலை, பதினொன்றரை கிராமுக்கு மேல். இதில் போலிகள் உண்டு. தெரிந்தவர் கையில் கொடுத்து நிச்சயம் செய்யாமல் விலை பேசக் கூடாது.

இதற்குள் வீட்டம்மா ஒரு கிண்ணத்தில் புளி கரைத்துக்கொண்டு வந்துவிட்டார். "பளபளன்னு தேய்ச்சுக் கொடுத்தா கூட விலை வரும்ல?" தபால்காரர் பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார். தேய்த்தால் எழுத்து மழுங்கும், விலை இறங்கும். அந்தப் புளி அன்றைக்கு ரசத்துக்குப் போனது.

சிங்கப்பூர் மாமா சொன்ன யோசனை

மாப்பிள்ளை வீட்டில் ஒரு மாமா சிங்கப்பூரில் இருக்கிறாராம். "நாலு காசைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போறேன், அங்க நல்ல விலை" என்றாராம். ஆபத்து! நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு சட்டப்படி தொல்பொருள். தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. 1972-ல் போட்டு 1976-ல் அமலுக்கு வந்த சட்டம். மாட்டினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை கம்பி எண்ணலாம். ஐதராபாத் நிஜாம் வீட்டில் இருந்ததாகச் சொல்லப்படும் ஜஹாங்கீர் காலத்து ராட்சதக் காசு, கிட்டத்தட்ட 12 கிலோ, 1987-ல் ஜெனீவாவில் ஏலத்துக்கு வந்தபோது சி.பி.ஐ.யே கிளம்பியது. நாலு காசு மாமா எம்மாத்திரம்?

உள்நாட்டில் விற்கத் தடை இல்லை. தொல்பொருள் வாங்கி விற்பவருக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மும்பை, பெங்களூரு, அகமதாபாத்தில் காசுக்கென்றே ஏலம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி இருக்கிறது. எழும்பூர் மியூசியத்தில் காசுகளைக் கண்ணால் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். பணத்தை பாங்க் வழியாக வாங்குவதே நல்லது. இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கை நீட்டினால் வருமான வரிக்காரர்கள் கேள்வி கேட்பார்கள்.

இதெல்லாம் பரம்பரைக் காசுக்கு. மண்ணைத் தோண்டும்போது கிடைத்தால் கதையே வேறு. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் பெறுமான புதையல் எதுவானாலும் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில். உரியவர் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலக்காரருக்குக் கால். சர்க்கார் தனக்கே வேண்டும் என்றால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடப் போட்டுக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். திருவானைக்காவல் கோயிலில் 2020 பிப்ரவரியில் பள்ளம் தோண்டியபோது பித்தளைப் பாத்திரத்தில் 505 பொற்காசு கிடைத்ததே, 1 கிலோ 716 கிராம், அது நேராக வருவாய்த் துறையிடம்தான் போனது.

"புதையல் கிடைச்சுது, பாதி விலைக்குத் தர்றோம்" என்று காதோடு பேசும் ஆசாமிகளைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. முதலில் காட்டுகிற ஒரு காசு நிஜத் தங்கமாகவே இருக்கும். உரசிப் பார்க்கச் சொல்வார்கள். பணத்தைக் கொடுத்து மூட்டையைப் பிரித்தால் அத்தனையும் பித்தளை! போலீசில் போய்ச் சொல்லவும் வாய் வராது. திருட்டுப் புதையல் வாங்கப் போனேன் என்று எப்படிப் புகார் எழுதுவது?

வெட்டினார்கள், உருக்கவில்லை

புதுக்கோட்டைச் சீமையில் கறுக்காக்குறிச்சியில் 1898-ல் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமாபுரித் தங்கக் காசு. அதில் பெரும்பாலான காசுகளில் ரோம ராஜாவின் முகத்துக்குக் குறுக்கே உளிவெட்டு! இனிமேல் நாணயமாக ஓடக் கூடாது என்று வெட்டினார்களா, உள்ளே தங்கம்தானா என்று சோதித்தார்களா, படித்தவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். முகத்தில் வெட்டியவர்கள் மூசையில் மட்டும் போடவில்லை. அதனால்தான் எந்த ராஜா, எந்தக் காலம் என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது. அதில் ஒரு பகுதி கடல் தாண்டி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த வயிற்றெரிச்சல் தனி.

கடைக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "நம்ம மலைக்குன்னு காசு ஏதாச்சும் உண்டுங்களா?" என்றார்.

உண்டு! கரூரில் கிடைத்த சேரர் காசுகளில் "கொல்லிப்பொறை" என்று தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த காசு இருக்கிறது. ஓரி ஆண்ட இந்த மலையின் பெயர்! அது தங்கம் அல்ல. கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்துப் பிழைக்கிறவர்கள் கையில் இப்படிப் பழங்காசுகள் அகப்படுவது உண்டு. பழைய உலோகம் என்று எடைக்குப் போட்டிருந்தால் போயே போயிருக்கும். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இப்படிக் கிடைத்த சங்ககாலக் காசுகளைத் தேடித் தேடி வாங்கி எழுத்தைப் படித்தார். பெருவழுதி என்ற பாண்டியன் பெயர் வெளியே வந்தது அப்படித்தான். அவர் வேறு பத்திரிகைக்காரர்தான். அதற்காகச் சொல்லாமல் விட முடியுமா?

கடைக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆறு வராகனையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவற்றை அப்படிப் பார்த்தது இதுதான் முதல் தடவையாம். ஒன்றில் மூன்று சாமி நின்றார்கள்!

"இது போகலைங்க, இருக்குது!" என்றார். குரலே மாறிவிட்டது.

கடைசியில் கணக்கு இப்படி முடிந்தது. கொக்கி வைத்த ஏழும் கல்யாணச் சங்கிலிக்கு. மற்ற பவுனில் பத்து ஏலக்காரர்களிடம் விசாரிக்க. பம்பாய்ப் பவுன் இரண்டும், மொகராவும், வராகனும், பணமும் பையனுக்கு. ஒவ்வொன்றையும் தனித் தனிக் காகிதத்தில் மடித்து, எடையையும் படத்தையும் பென்சிலால் எழுதினார் தபால்காரர்.

அந்த எட்டுக் காசு பில்லை என்ன செய்வது என்று வீட்டம்மா கேட்டார். கடைக்காரர் அதையும் ஒரு காகிதத்தில் மடித்து, வராகன் பொட்டலத்தோடு டப்பாவுக்குள்ளேயே வைத்தார்.