முகப்பருவும் சாலிசிலிக் அமிலமும்

பருவ வயதில் முகப்பரு தோன்றுவது இயல்பே. எனினும், முதல் வேலைக்கான நேர்காணலுக்குப் புறப்படும் மகளோ மகனோ கண்ணாடி முன் நின்று கலங்கும்போது, 'வயது ஏறினால் தானே போய்விடும்' என்னும் நமது ஆறுதல் எடுபடுவதில்லை. சாலிசிலிக் அமிலம் சேர்ந்த ஃபேஸ்வாஷ், சீரம், ஜெல் ஆகியவற்றையே இன்று இளைஞர் பலர் தேடி வாங்குகின்றனர். அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அறிந்து வாங்குவது நன்று.

வில்லோ மரப்பட்டை ஐரோப்பாவில் நெடுங்காலம் வலிக்கும் காய்ச்சலுக்கும் மருந்தாக வழங்கியது. அம்மரத்தின் இலத்தீன் பெயரான 'சாலிக்ஸ்' என்பதிலிருந்தே இவ்வமிலத்தின் பெயர் பிறந்தது. ஆஸ்பிரினும் இதே குடும்பத்தது. ஆதலால் ஆஸ்பிரின் ஒவ்வாமை உடையோர் மருத்துவரைக் கேளாமல் இதனைப் பூசலாகாது. ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து முகத்தில் அப்பிக்கொள்ளும் கைவைத்தியமும் வேண்டாம். உறவுடையவை ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரக்கும்போது, அவ்வெண்ணெயும் உதிர்ந்த தோல் செல்களும் சேர்ந்து நுண்துளைகளை அடைத்துக்கொள்கின்றன. பரு தொடங்கும் இடம் இதுவே. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையக்கூடியது; எனவே துளைக்குள் இறங்கி, இறந்த செல்களை ஒட்டிவைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்தி, அடைப்பை நீக்குகிறது. கருமுனைப் பருக்களுக்கும் சிறிய வெண்முனைப் பருக்களுக்கும் இது பொருத்தமானது.

வட்டியைப் போலவே இங்கும் விழுக்காட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். முகத்திற்கு 0.5 முதல் 2 விழுக்காடு வரை போதும். கால் ஆணிக்கும் மருவுக்கும் விற்கப்படுபவற்றில் இதே அமிலம் பன்மடங்கு செறிவுடன் இருக்கும். அவற்றை முகத்தில் பூசினால் தோல் வெந்துபோகும். இதனினும் ஏமாற்றுவது வேறொரு வகைக் களிம்பு. தடித்துச் செதில் உதிரும் சொரியாசிஸ் போன்ற நோய்களுக்காகப் பீட்டாமெத்தசோன் முதலான ஸ்டீராய்டுடன் சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்புகள் உள்ளன. பெயரை மட்டும் பார்த்து இவற்றை முகத்திற்கு வாங்குவோர் உண்டு. முதல் சில நாள்களில் சிவப்பு அடங்கி முகம் தெளிந்ததுபோல் தோன்றும். நாள்பட்டால் தோல் மெலிந்து இரத்த நாளங்கள் வெளித்தெரியும். நிறுத்தியதும் பருக்கள் முன்னினும் கடுமையாகத் திரும்பும். ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதைத் தடுக்க 2018இல் மத்திய அரசு விதிகளை இறுக்கியது. ஆயினும் உறையில் உள்ள சிறிய எழுத்தைப் படிக்கும் பொறுப்பு நம்முடையதே.

தொடக்கத்தில் வாரம் இரண்டு மூன்று நாள் பூசிப் பார்த்து, தோல் ஏற்றுக்கொண்டால் நாள்தோறும் ஒருமுறை என உயர்த்தலாம். சற்றே வறட்சியும் எரிச்சலும் தோன்றக்கூடும், மாய்ஸ்சரைசர் துணைசெய்யும். பகலில் சன்ஸ்கிரீன் இன்றியமையாதது. நம் போன்ற மாநிறத் தோலில் எரிச்சலும் வெயிலும் சேர்ந்தால் கரும்படலம் மாதக்கணக்கில் நீடிக்கும். பயன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். பத்தாம் நாளே மருந்தை மாற்றுவது வீண் செலவு.

கருவுற்ற பெண்கள் மருத்துவரின் ஆலோசனை பெற்றே பயன்படுத்த வேண்டும். ஆழத்தில் கட்டியாகி வலிக்கும் பருக்களுக்கு இவ்வமிலம் பெரிதும் உதவாது. அவை தழும்பை விட்டுச்செல்பவை. காத்திராமல் தோல்நோய் மருத்துவரைக் காண்பதே தக்கது.