செவிலியத்தின் மூன்று கால்கள்: அறம், சட்டம், உரையாடல்

மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்த ஒருவரை மருத்துவர் ஒரு நாளில் சில நிமிடங்களே பார்க்கிறார் என்றால், மற்ற நேரமெல்லாம் அவரைக் கண்காணித்து, மருந்து கொடுத்து, உடல்நிலையில் ஏற்படும் மாற்றத்தை முதலில் உணர்ந்து, உரியவருக்குத் தெரிவிக்கும் பொறுப்பு செவிலியருடையதாக இருக்கிறது. இந்தப் பணியை ஊசி போடுதல், கட்டு மாற்றுதல், காய்ச்சல் பார்த்தல் ஆகிய கைத்திறன்களின் தொகுப்பாகவே பொதுமக்கள் காண்கின்றனர். ஆனால் செவிலியப் படிப்பின் தொடக்கத்தில் கற்பிக்கப்படும் ‘செவிலிய அடிப்படைகள்’ என்னும் பாடம், அந்தக் கைத்திறன்களோடு அறநெறி, சட்டம், உரையாடல் ஆகிய மூன்றையும் சேர்த்தே கற்பிக்கிறது. தேர்வுக்காக இவை தனித்தனி அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தாலும், நோயாளியின் படுக்கையருகில் இவற்றைப் பிரிக்க முடியாது. ஒன்று தவறினால் மற்ற இரண்டும் கூடவே தவறும் என்பதைச் செவிலியத்தின் வரலாறும் நீதிமன்றத் தீர்ப்புகளும் காட்டுகின்றன.

கவனிப்பே முதல் கருவி

நவீன செவிலியத்தின் தொடக்கம் பிளாரன்ஸ் நைட்டிங்கேலோடு இணைத்துப் பேசப்படுகிறது. கிரிமியப் போரின்போது 1854-இல் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குச் சென்ற அவர், போர்க்காயங்களைவிடத் தடுக்கக்கூடிய தொற்றுநோய்களாலேயே மிகுதியான வீரர்கள் இறந்தனர் என்பதைப் பின்னர்ப் புள்ளிவிவரங்களையும் வரைபடங்களையும் கொண்டு நிறுவினார். 1860-இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் தொடங்கப்பட்ட பயிற்சிப் பள்ளி, செவிலியத்தை முறையாகக் கற்று மேற்கொள்ளும் தொழிலாக மாற்றியது. தமிழகத்தில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 19-ஆம் நூற்றாண்டிலேயே செவிலியப் பயிற்சி தொடங்கியது. 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் டெல்லியிலும் நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியபோது, இத்துறை இந்தியப் பல்கலைக்கழகக் கல்விக்குள் நுழைந்தது.

இன்றைய மாணவர் கற்கும் முறைக்குச் ‘செவிலியச் செயல்முறை’ என்று பெயர். நோயாளியின் நிலையைக் கேட்டும் பார்த்தும் அளந்தும் மதிப்பிடுதல், அவருக்கு எந்தெந்த வகையில் உதவி தேவை என்று கண்டறிதல், திட்டமிடுதல், செயற்படுத்துதல், பலன் கிடைத்ததா என்று மறுமதிப்பீடு செய்தல் ஆகிய ஐந்து படிகள் அதில் உண்டு. மருத்துவர் நோயைக் கண்டறிகிறார். செவிலியரோ அந்த நோயால் ஒருவருக்கு மூச்சுவிடுதல், உண்ணுதல், நடமாடுதல், உறங்குதல், தன்னைத் தூய்மையாக வைத்துக்கொள்ளுதல் ஆகியவற்றில் என்ன இடர்ப்பாடு நேர்ந்திருக்கிறது என்று கண்டறிகிறார். அமெரிக்கச் செவிலிய அறிஞர் வர்ஜீனியா ஹெண்டர்சன் இத்தகைய அடிப்படைத் தேவைகளை 14 ஆக வகுத்தார். வலிமையும் அறிவும் விருப்பமும் இருந்தால் நோயாளி தாமே செய்துகொள்ளக்கூடியவற்றை அவருக்காகச் செய்வதும், அவர் விரைவில் தாமே செய்துகொள்ளும் நிலைக்குத் திரும்ப உதவுவதுமே செவிலியம் என்பது அவருடைய விளக்கம்.

இந்த முறையின் மதிப்பைப் படுக்கைப்புண் எடுத்துக்காட்டும். அசைய முடியாத நோயாளியின் இடுப்பெலும்பு, குதிகால் போன்ற இடங்களில் தோல் தொடர்ந்து அழுத்தப்படுவதால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் திசு இறக்கிறது. ஈரமும் உராய்வும் ஊட்டக்குறைவும் அதை விரைவுபடுத்துகின்றன. குறித்த இடைவெளியில் புரட்டிப் படுக்க வைத்தல், தோலை நாள்தோறும் ஆராய்தல், விரிப்பை உலர்வாக வைத்தல் ஆகிய எளிய பணிகள் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கொடுந்தாக்குதலுக்கு ஆளாகி மூளை பாதிக்கப்பட்ட ஒரு செவிலியர், 1973 முதல் 2015-இல் இறக்கும் வரை அங்கேயே பராமரிக்கப்பட்டார். அவருக்குக் கருணைக்கொலை கோரிய மனுவின் மீது 2011-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் உடலில் படுக்கைப்புண் இல்லாத அளவுக்கு அம்மருத்துவமனைச் செவிலியர்கள் காட்டிய பரிவைப் பாராட்டியது. அவர் வாழ வேண்டும் என்ற அவர்களுடைய விருப்பத்துக்கும் மதிப்பளித்து, மனுவை ஏற்க மறுத்தது.

அறத்தின் நான்கு நெறிகள்

மருத்துவ அறநெறியை விளக்க இன்று பரவலாகப் பயன்படும் வகுப்புமுறை, பீச்சம், சில்ட்ரஸ் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1979-இல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. தன்னைப் பற்றிய முடிவைத் தானே எடுக்கும் நோயாளியின் உரிமையான தன்னாட்சி, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, வேறுபாடு காட்டாமல் நடத்தும் நீதி ஆகியவை அந்த நான்கு நெறிகள். பன்னாட்டுச் செவிலியர் பேரவை 1953-இல் ஏற்றுக்கொண்டு, காலத்துக்கேற்பத் திருத்திவரும் நெறித்தொகுப்பும் இவற்றோடு இயைந்தே செவிலியரின் கடமைகளைக் கூறுகிறது.

நெறிகள் தனித்தனியாக நிற்கும்போது யாரும் அவற்றை மறுப்பதில்லை. அவை ஒன்றோடொன்று மோதும்போதுதான் அறச்சிக்கல் எழுகிறது. தமிழகக் குடும்பங்களில் வழக்கமாகக் காணப்படும் ஒரு நிலையை எடுத்துக்கொள்ளலாம். முதியவர் ஒருவருக்குப் புற்றுநோய் என்று உறுதியானதும், ‘அவரிடம் சொல்லிவிடாதீர்கள், மனம் உடைந்துவிடுவார்’ என்று பிள்ளைகள் கேட்டுக்கொள்கின்றனர். இரவில் அந்த முதியவரே, ‘சிஸ்டர், எனக்கு என்ன நோய்?’ என்று கேட்கிறார். பிள்ளைகளின் வேண்டுகோளில் தீங்கு செய்யாமை இருக்கிறது. முதியவரின் கேள்வியில் தன்னாட்சி இருக்கிறது. நோயை அறிவிப்பது மருத்துவரின் பொறுப்பு என்பதால் செவிலியர் அதைத் தாமாக உடைத்துச் சொல்லிவிடக் கூடாது. ஆனால் ‘ஒன்றுமில்லை, சாதாரணக் காய்ச்சல்’ என்று பொய் சொல்லவும் அவருக்கு அனுமதி இல்லை. நோயாளி எந்த அளவு அறிய விரும்புகிறார் என்று கேட்டறிந்து, அந்த விருப்பத்தை மருத்துவருக்குத் தெரிவித்து, குடும்பத்தாருடன் அமர்ந்து பேச ஏற்பாடு செய்வதே அவருக்குரிய வழி.

மறைகாப்பு என்னும் கடமையும் இத்தகையதே. நோயாளி நம்பிக்கையோடு வெளிப்படுத்தும் செய்தியை, சிகிச்சையில் பங்குபெறாத எவரிடமும், அவர் உறவினராகவே இருந்தாலும், நோயாளியின் ஒப்புதலின்றிப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. வார்டில் எடுத்த படத்தைக் கைப்பேசிக் குழுவில் அனுப்புவதும், மின்தூக்கியில் நின்றபடி நோயாளியைப் பற்றிப் பேசுவதும் இந்தக் கடமையை மீறுவதே. அதேவேளை மறைகாப்புக்கு எல்லையும் உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காமை தண்டனைக்குரியது. மறுபுறம், எச்.ஐ.வி. பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதையும் ஒருவரின் நோய்நிலையை வெளியிடுவதையும் பொதுவாகத் தடுக்கிறது. எப்போது மறைக்க வேண்டும், எப்போது தெரிவிக்க வேண்டும் என்பதை அறிய அறவுணர்வோடு சட்ட அறிவும் தேவைப்படுகிறது.

சட்டம் கேட்கும் கேள்விகள்

செவிலியராகப் பணியாற்றும் தகுதி, பதிவேட்டில் பெயர் இடம்பெறுவதிலிருந்து தொடங்குகிறது. சென்னை மாகாணத்தில் 1926-ஆம் ஆண்டுச் சட்டம் செவிலியர், பேறுகாலப் பணியாளர் ஆகியோரின் பதிவை முறைப்படுத்தியது. 1947-ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் குழுமச் சட்டம் நாடு முழுவதற்குமான கல்வித் தரத்துக்கு வழிவகுத்தது. அதற்கு மாற்றாகத் தேசியச் செவிலிய, பேறுகால ஆணையச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. பதிவு என்பது வெறும் சான்றிதழ் அன்று. பொதுமக்களைப் பயிற்சியற்ற கைகளிலிருந்து காக்கும் ஏற்பாடு.

தவறு நேர்ந்ததாக வழக்கு வரும்போது நீதிமன்றம் பொதுவாக மூன்று கேள்விகளைக் கேட்கிறது. நோயாளிக்குக் கவனிப்பளிக்கும் கடமை இருந்ததா, அதே பயிற்சி பெற்ற ஒருவர் இயல்பாகக் காட்டும் கவனத்திலிருந்து இவர் தவறினாரா, அந்தத் தவறே தீங்குக்குக் காரணமா என்பவை அவை. இவற்றுக்கு ‘ஆம்’ என்ற விடை கிடைத்தால் அது கவனக்குறைவு எனப்படும். மருத்துவச் சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்த பின்னர், இத்தகைய வழக்குகள் நுகர்வோர் மன்றங்களுக்கும் வந்தன. கவனக்குறைவால் உயிரிழப்பு நேர்ந்தால் குற்றவழக்கும் எழலாம். பாரதிய நியாய சங்கிதையின் 106-ஆம் பிரிவு அதற்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. சிகிச்சையின்போது நேர்ந்த இறப்புக்கு இரண்டாண்டு என்னும் குறைந்த வரம்பு பதிவுபெற்ற மருத்துவர்களுக்கே உரியது, செவிலியர் அந்த வரையறையில் குறிப்பிடப்படவில்லை.

ஒப்புதல் பற்றிய சட்டமும் செவிலியரை நேரடியாகத் தொடுவது. என்ன செய்யப் போகிறார்கள், அதனால் வரும் நன்மையும் இடரும் எவை, மாற்றுவழி உண்டா என்பவற்றை அறிந்த பின் நோயாளி தரும் இசைவே தகவலறிந்த ஒப்புதல். பரிசோதனைக்கு மட்டும் இசைவு தந்த பெண் மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயிடம் ஒப்புதல் பெற்றுக் கருப்பையை அகற்றியது செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. விளக்கிச் சொல்லும் கடமை மருத்துவருடையது. ஆனால் படிவத்தில் கையெழுத்து வாங்கும் நேரத்தில் நோயாளிக்கு ஒன்றும் புரியவில்லை என்று தெரிந்தால், அறுவை அரங்குக்கு அனுப்பும் முன் மருத்துவரை மீண்டும் அழைப்பது செவிலியரின் கடமையாகிறது.

ஓர் ஊசியும் அதன் பின்னணியும்

அறம், சட்டம், உரையாடல் ஆகிய மூன்றும் ஒரே செயலில் கூடுவதை 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த டெல்லி வழக்கு தெளிவாக்குகிறது. 1993 டிசம்பரில் டைபாய்டு காய்ச்சலுக்காகத் தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சிறுவனுக்குச் செவிலியர் ஒருவர் லாரியாகோ என்னும் ஊசிமருந்தைச் சிரை வழியாகச் செலுத்தினார். தாயின் மடியிலேயே சுருண்டு விழுந்த சிறுவனின் இதயத்துடிப்பு நின்றது. மூளை மீளமுடியாத பாதிப்புக்கு உள்ளானது. செலுத்தப்பட்ட அளவு மிகை என்பதும், அந்தச் செவிலியர் எந்தச் செவிலியர் குழுமத்திலும் பதிவு பெறாதவர் என்பதும் விசாரணையில் வெளிப்பட்டன. மருத்துவர் தாமே செய்ய வேண்டியதைச் செவிலியரிடம் விட்டதும் கவனக்குறைவாகக் கொள்ளப்பட்டது. பணியாளர் செய்த தவறுக்கு அவரை அமர்த்திய நிறுவனமே பொறுப்பு என்னும் சட்டக் கொள்கைப்படி மருத்துவமனை இழப்பீடு தர வேண்டியதாயிற்று. சிறுவனோடு பெற்றோரும் நுகர்வோரே என்று கருதி, அவர்களின் மனவேதனைக்கும் இழப்பீடு உறுதி செய்யப்பட்டது.

இந்தச் சங்கிலியின் ஏதேனும் ஒரு கண்ணியில் யாரேனும் நிறுத்திக் கேட்டிருந்தால் தீங்கு தடுக்கப்பட்டிருக்கலாம். மருந்து கொடுக்கும் முன் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் ஆகிய ஐந்தையும் சரிபார்க்கும்படி முதலாண்டு மாணவருக்குக் கற்பிப்பது இதற்காகத்தான். ‘நீங்கள்தானே முருகன்?’ என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். ‘உங்கள் பெயர் என்ன?’ என்று கேட்டு, மருத்துவமனை எண்ணோடு ஒப்பிடுவதே பாதுகாப்பானது. இன்சுலின் அளவில் ‘யூனிட்’ என்பதைக் குறிக்கும் ஒற்றை எழுத்து சுழியமாகப் படிக்கப்பட்டால் 10 என்பது 100 ஆகிவிடும் என்பதால், அச்சொல்லை முழுமையாக எழுதும் வழக்கம் வந்தது.

பேச்சும் பதிவும்

உரையாடலை இனிமையாகப் பேசுதல் என்று மட்டும் எண்ணுவது தவறு. அது பாதுகாப்புக் கருவியும் ஆகும். நள்ளிரவில் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, ‘சார், அந்த நோயாளிக்கு ஒரு மாதிரி இருக்கிறது’ என்று சொன்னால் மருத்துவரால் எந்த முடிவும் எடுக்க முடியாது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்னும் நான்கு படிகளில் செய்தி சொல்லும் முறை, அமெரிக்கக் கடற்படையில் உருவாகி மருத்துவமனைகளுக்கு வந்தது. ‘ஆறாம் படுக்கை நோயாளிக்கு மூச்சு நிமிடத்துக்கு 28, நாடி 120, நேற்று வயிற்றில் அறுவை நடந்தவர், நிலை மோசமாகிறது என்று கருதுகிறேன், உடனே வந்து பாருங்கள்’ என்று சொன்னால், முதல்நாள் பணிக்கு வந்தவரும் மூத்த மருத்துவரிடம் தயங்காமல் பேச முடிகிறது. தொலைபேசியில் கிடைக்கும் மருந்தாணையை எழுதிக்கொண்டு, அதைத் திரும்பப் படித்துக் காட்டி உறுதி பெறுவதும் இதே ஒழுங்கைச் சேர்ந்ததே.

நோயாளியுடன் பேசுவதற்கும் ஒழுங்கு உண்டு. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் பெரும்பாலோர் மரியாதைக்காகவே ‘புரிந்தது’ என்பர். ‘வீட்டுக்குப் போன பிறகு இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்’ என்று கேட்டால்தான் உண்மை தெரியும். செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் பகுதி என்று ஹில்டகார்ட் பெப்லோ 1952-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். பணிச்சுமை மிகுந்த வார்டிலும் பெயர் சொல்லி அழைத்தல், திரை இழுத்துவிட்டுப் பரிசோதித்தல், செய்யப்போவதை முன்கூட்டிச் சொல்லுதல் ஆகியவற்றுக்குக் கூடுதல் நேரம் பெரிதாகத் தேவைப்படுவதில்லை.

பேச்சின் நிலையான வடிவம் பதிவு. கேஸ் ஷீட்டில் நேரம் குறித்து, கண்டதைக் கண்டபடி எழுதிக் கையொப்பமிட வேண்டும். ‘நோயாளி நலம்’ என்னும் பொதுச்சொல்லைவிட, ‘நாடி 84, வலி குறைந்ததாகச் சொன்னார்’ என்னும் குறிப்பு பயன்மிக்கது. தவறாக எழுதியதை ஒற்றைக்கோட்டால் அடித்து ஒப்பமிடலாமே தவிர, அழிப்பதும் பின்தேதியிட்டு எழுதுவதும் கூடாது. அடுத்த ஷிப்ட்டுக்கு வருபவர் சிகிச்சையைத் தொடர்வதும், பல ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் உண்மையை அறிவதும் அந்த ஏட்டிலிருந்தே.

ஆகவே ஐயம் தோன்றும்போது கையை நிறுத்தி, ‘இந்த அளவு சரிதானா?’ என்று கேட்கும் செவிலியர் எவரையும் அவமதிக்கவில்லை. தம் அறக்கடமையையும் சட்டக் கடமையையும் ஒரே கேள்வியில் நிறைவேற்றுகிறார். அப்படிக் கேட்பவரை அதட்டாத மருத்துவரும், தகுதியானவரைப் போதிய எண்ணிக்கையில் அமர்த்தும் நிர்வாகமும் இல்லாவிட்டால் வகுப்பறைப் பாடம் வார்டில் நிலைக்காது. மக்களுக்கும் இதில் பங்கு உண்டு: ஊசி போடும் முன் அது என்ன மருந்து, எதற்காக என்று கேட்பது நோயாளியின் உரிமை; அதற்குப் பொறுமையாக விடை சொல்வது செவிலியப் பணியின் முதல் பாடம்.